வெள்ளிக்கிழமை கிரீஸ்

அமானுக்கும் ரிஃபானாவுக்கும் நிக்காஹ் நடந்த அன்று கல்மண்டபத்து ஜனம் பாதி வந்தது மாப்பிள்ளையைப் பார்க்க அல்ல, அவன் வண்டியைப் பார்க்க. வண்டி என்றால் என்ன வண்டி! ஒரே ஒரு சக்கரம். உட்கார சீட் கிடையாது, பிடித்துக்கொள்ள ஹேண்டில்பார் கிடையாது. சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் மடக்கி விரிக்கிற மாதிரி இரண்டு பெடல். அதில் ஏறி நின்று முன்னால் சாய்ந்தால் போகும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். பேட்டரியில் ஓடுகிற சமாசாரம். கப்பலில் வேலை செய்யும் அவன் தோஸ்து சைமன், கொரியாவில் எவனோ ஓட்டி அலுத்துப் போட்டதை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தது. மாப்பிள்ளை ஷெர்வானியோடு அதில் ஏறி நின்று தெருவில் ஒரு ரவுண்டு வந்தபோது, பெண்ணின் சின்னம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "இன்னாடி இது, மரை கழண்ட கேஸா கீது?" என்று ரிஃபானாவின் காதோடு கேட்டாள்.

ரிஃபானாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு இது இரண்டாவது கல்யாணம். முதல் புருஷன் முதஸ்ஸிர் நல்ல மனுஷன். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் பைக்கில் போனவன் டிரெய்லர் லாரிக்குப் பக்கத்தில் சறுக்கி விழுந்தான், அவ்வளவுதான். அதற்கப்புறம் சக்கரம் வைத்த எதைப் பார்த்தாலும் அவள் ஒதுங்கிப் போவாள். இந்தக் காலத்தில் சக்கரமே இல்லாத மாப்பிள்ளைக்கு எங்கே போவது? இவனுக்கு ஒன்றுதானே இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டு கழுத்தை நீட்டினாள்.

அமானுக்கு நாற்பதை நெருங்கும் வயதில் முதல் கல்யாணம். படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் வருஷங்கள் ஓடிவிட்டன. திருவொற்றியூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை. இறாலும் மீனும் அடைத்த குளிர்பெட்டிகளுக்குக் கரெண்ட் ஒழுங்காகப் போகிறதா, உள்ளே குளிர் நிற்கிறதா என்று வரிசை வரிசையாகப் பார்க்கிற உத்தியோகம். பேச்சு குறைவு. தெருவில் நடந்தால் தோளைச் சுருக்கிக்கொண்டு சுவரோரமாகப் போகிற ஆள். ஆனால் அந்தச் சக்கரத்தில் ஏறி நின்றால் போதும், வேறு மனுஷன். முதுகு நிமிரும், தாடை தூக்கும், வழியில் பார்க்கிறவனுக்கெல்லாம் ஒரு சலாம். மாடி ஜன்னலில் நின்று அதைப் பார்த்த முதல் வாரத்திலேயே ரிஃபானாவுக்கு அவன் மேல் ஆசை வந்துவிட்டது. புருஷன் என்கிற கடமைக்காக அல்ல, நிஜமான ஆசை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஆசை வைத்த ஒருத்தனை ரோட்டுக்கு அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பது என்ன என்று அவளுக்குத் தெரியும்.

"வேணாம், வுட்டுடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவான். அதுவும் அவளுக்குத் தெரியும். அதனாலேயே சொல்ல வாய் வரவில்லை. ஒரு மனுஷனுக்கு நிமிர்ந்து நிற்க இருக்கிற ஒரே இடத்தைப் பிடுங்குவதா? சொல்லாமல் பயந்தாள். பயந்துகொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை.

அவள் வேலை பார்த்தது காசிமேடு துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு லாஞ்சு சாமான் கடையில். விசைப்படகை அந்தப் பக்கத்தில் லாஞ்சு என்றுதான் சொல்வார்கள். பேரிங், போல்ட், ஷாஃப்ட், டப்பா டப்பாவாகக் கிரீஸ். உப்புக் காற்றில் ஒரு போல்ட்டைச் சும்மா விட்டால் அது பிஸ்கட் மாதிரி உதிரும் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் லாஞ்சைக் கரையேற்றி, போல்ட் போல்ட்டாகக் கழற்றி, பித்தளை மரையில் பூத்திருக்கும் பச்சையும் நீலமுமான களிம்பை பிரஷ் போட்டுத் தேய்த்தெடுத்து, கிரீஸை அப்பி மறுபடி முடுக்குவார்கள். களிம்பு ஏறிய போல்ட் கெட்ட போல்ட், கிரீஸ் ஏறிய போல்ட் நல்ல போல்ட். இதில் அந்தத் துறைமுகத்தில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

ஆகவே ரிஃபானா தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். வெள்ளிக்கிழமை இரண்டு பேருக்கும் அரை நாள்தான் வேலை. மத்தியானம் அமான் ஜும்மா தொழுகைக்கு நடந்தே போவான். சக்கரம் வீட்டில் இருக்கும். அவன் படியிறங்கியதும் கடையிலிருந்து எடுத்து வந்த, ஆலன் கீ என்கிற ஆறுமூலைச் சாவியையும் கிரீஸ் டப்பாவையும் வைத்துக்கொண்டு உட்காருவாள். இரண்டு பெடலையும் தாங்குகிற இரும்புக் கைகள், சக்கரத்தின் நடு அச்சில் போல்ட் வைத்து இறுக்கப்பட்டிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுவாள். மரையில் நீலமாக ஏதோ படிந்திருக்கும். அடப்பாவி, வாரத்துக்குள் இத்தனை களிம்பா என்று பழைய டூத் பிரஷ்ஷால் சுரண்டிச் சுத்தமாக எடுப்பாள். கிரீஸ் அப்புவாள். பிஸ்மி சொல்லிக்கொண்டே தன் பலம் முழுக்கப் போட்டு முடுக்குவாள். பிறகு கை கழுவிவிட்டு பிரியாணியைத் தம்மிலிருந்து இறக்குவாள். அந்த ஒரு மணி நேரம் மட்டும் அவளுக்குப் பயம் இருக்காது.

இதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பான், ஏன் என்று சொன்னால் முதஸ்ஸிரைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். அந்தப் பேரை அவள் இந்த வீட்டில் எடுத்ததே இல்லை. அமானும் கேட்டதில்லை. மரியாதையாகக் கேட்காமல் இருக்கிறான் என்று அவள் நினைத்தாள்.

சத்தம் வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். இடது பெடலில் ஏறி நின்றால் டக்கென்று ஒன்று, இறங்கினால் டக்கென்று ஒன்று. அமான் யார்டில் ஃபிட்டரிடம் சாவி வாங்கி அங்கேயே சரிபண்ணிக்கொண்டு வருவான். நாலைந்து நாள் அமைதி. வெள்ளிக்கிழமை போய் சனிக்கிழமை வந்தால் பழையபடி டக், டக். "இன்னா பேஜாருபா இது, எத்தினி தபா முடுக்குனாலும் லூசாயிடுது" என்று அவன் அலுத்துக்கொள்வது ரிஃபானாவின் காதில் விழும். அடுத்த வெள்ளிக்கிழமை கிரீஸை இன்னும் தாராளமாக அப்புவாள்.

ஒரு சனிக்கிழமை சாயந்திரம் அவன் நடந்து வந்தான். சக்கரத்தை, இறங்கி உருட்டுவதற்கென்று இருக்கும் கைப்பிடியால் தள்ளிக்கொண்டு, ஒரு காலைத் தாங்கித் தாங்கி. பேண்ட் முட்டியில் கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது.

"ஒண்ணும் இல்ல. டோல்கேட்டாண்ட பெடலு கீழ தொங்கிடுச்சு. ரோட்டுல உரசி வுழுந்துட்டேன். பின்னால வந்த ஆட்டோக்காரன் பிரேக்கு அட்ச்சான், நல்ல மனுசன்."

"பின்னால ஆட்டோவா?" ரிஃபானா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நின்னுட்டான்னு சொல்றேன் இல்ல."

வெந்நீரும் பஞ்சும் கொண்டுவந்து முட்டியைத் துடைத்தாள். அவள் கை நடுங்கியதில் டெட்டால் சிந்தியது. அவன் அந்தக் கையைப் பார்த்தான்.

மறுநாள் ஞாயிறு. கப்பலிலிருந்து லீவில் வந்திருந்த சைமன் வந்தான். வராண்டாவில் சாக்கு விரித்துச் சக்கரத்தைக் கிடத்தி, டாக்டர்கள் போல இரண்டு பேரும் குனிந்துகொண்டார்கள். ரிஃபானா டீ கொண்டுபோனபோது அமான் அவளையும் கூப்பிட்டான்.

"ரிஃபா, இந்த டயரைக் கெட்டியாப் புடி. ரெண்டு பெடலும் சேந்து ஆடுனா அச்சு கோளாறு. ஒண்ணு மட்டும் ஆடுனா அத்தப் புடிச்சிகினு கீற போல்ட்டுதான் கோளாறு. இப்ப பாரு."

அவள் பிடித்தாள். அவன் இடது பெடலை ஆட்டினான். ஆடியது. வலது பெடல் அசையவில்லை.

"போல்ட்டுதான்" என்றான் சைமன். "அச்சு கல்லு மாதிரி கீது. நீ ஏறச்சொல்ல எடது காலைத்தானே மொதல்ல வெக்கிற, அதான் அந்தப் பக்கம் மட்டும் வாங்குது."

"நானும் அப்படித்தான் நெனச்சிகினு இருந்தேன்." அமான் போல்ட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். "இங்க பாரு. கிரீஸு. நான் போடவே இல்ல. ஒவ்வொரு தபாவும் தொடச்சிட்டு, மரைக்கு இந்தப் பசையைப் போட்டுத்தான் முடுக்குறேன்." சட்டைப் பையிலிருந்து சின்ன ட்யூப் ஒன்றை எடுத்தான். "இது காய்ஞ்சா போல்ட்டு அதிர்ச்சியில கழலாது. ஆனா எண்ணெய் பட்டா பசை புடிக்காது. ஒரு வாரத்துல பசை இருந்த இடமே தெரியல, கிரீஸா வழியுது. அப்ப எங்கேர்ந்து வருது? அச்சுக்குள்ள கீற பேரிங்குலேர்ந்துதான். சீல் போயி கசிஞ்சிகினு கீது. வண்டி ஓட்டுறவங்க குரூப்புல போட்டேன், பெங்களூர்காரன் ஒருத்தன் உடனே நிறுத்திடுன்னுட்டான். பேரிங்கு மாத்தணும்னா மோட்டாரைத் தொறக்கணும். அச்சு ஓட்டை வழியா ஒயரு வருது, அது அறுந்தா மொத்தமும் காலி. இங்க எவன் தொடுவான்?"

அவன் ட்யூப்பை லேசாக அழுத்திக் காட்டினான். ட்யூப்பின் மூக்கில் ஒரு சொட்டு வந்து நின்றது. நீலம்.

ரிஃபானாவின் கை டயரிலேயே இருந்தது. அவள் சுரண்டிச் சுரண்டி எடுத்த களிம்பு அது. புருஷனைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரே பொருளை, வாரம் தவறாமல் டூத் பிரஷ் வைத்துத் தேய்த்து, பிஸ்மி சொல்லிக் கழுவிவிட்டிருக்கிறாள்.

"நாளைக்கு சாயந்திரம் நீயே எடுத்துனு போயிடு" என்று அமான் சைமனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "பேட்டரியாவது யாருக்காச்சும் ஆவும். நம்ம வூட்ல வேணாம்."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள். அதே நொடியில் உள்ளே ஏதோ ஒன்று, சொல்லாதே, என்றது. சொல்லாவிட்டால் என்ன? நாளை சாயந்திரம் சைமன் வருவான், சக்கரம் போகும். இவன் பஸ்ஸிலோ மெட்ரோவிலோ போவான். அவள் கேட்காமலே, அவன் மனசை முறிக்காமலே, அவள் வேண்டியது நடந்துவிடும். யார்மேலும் பழி இல்லை. பேரிங் போச்சு, அவ்வளவுதான். ரிஃபானா காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை அமான் பஸ்ஸுக்கு நடந்து போனான். அவள் ஜன்னலுக்குப் போகவில்லை, போக வேண்டிய அவசியமும் இல்லை. ரொம்ப நாளைக்கப்புறம் காலை நாஷ்டாவை நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்டாள். கடையில் சிரித்துப் பேசினாள். மத்தியானம் ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டு போனபோதும் கையிலிருந்த வேலையை நிறுத்தவில்லை. இப்படித்தான் மற்ற பெண்களெல்லாம் இருக்கிறார்களா, இத்தனை லேசாகவா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த லேசுக்குள் மீன் முள் மாட்டின மாதிரி ஒன்று தொண்டையில் நின்றுகொண்டே இருந்தது.

அமான் வேலை முடிந்து சீக்கிரமே வந்துவிட்டான். அவள் கடையிலிருந்து திரும்பியபோது வராண்டாவில் உட்கார்ந்து சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். டயரில் ஒட்டிய தாரைக்கூடக் குச்சியால் நோண்டி எடுத்திருந்தான். கொடுத்து அனுப்புகிற பொருளை இப்படியா துடைப்பார்கள்?

"இன்னாங்க, மூஞ்சே சரியில்ல" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. போனாப் போவுது." துணியை மடித்தான். "நீயும் நிம்மதியா இருப்ப. நெதம் ஜன்னலாண்ட நின்னுகினு, நான் முக்கு திரும்பறவரைக்கும் மூச்சே வுட மாட்ட. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அன்னிக்கு பஞ்சைப் புடிச்ச கை இன்னா ஆட்டம் ஆடுச்சு. உனக்கோசரம்தான் குடுக்கறோம்னு நெனச்சிகினேன், அப்பால மனசுல பெருசா வலி தெரியல."

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. தோளைச் சுருக்கிக்கொண்டு, அவளுக்காக என்று சொல்லி, அவன் கொடுத்துக்கொண்டிருந்தான். அவளோ அதைத் திருடிக்கொண்டிருந்தாள்.

"பேரிங்கு போகலங்க" என்றாள். "அந்தக் கிரீஸு உள்ளேர்ந்து வரல. நான் போட்டது."

அமான் நிமிர்ந்து பார்த்தான். அவள் நின்றவாக்கிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளிக்கிழமை, ஆலன் கீ, களிம்பு என்று நினைத்தது, டூத் பிரஷ். நேற்றே தெரிந்தும் வாயை மூடிக்கொண்டதையும் விடாமல் சொன்னாள். உள்ளே போய் டப்பாவைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அவன் விரலில் தொட்டு முகர்ந்தான்.

டப்பாவை மூடி வைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "நான் வுழுந்தேன் ரிஃபா. பின்னால ஆட்டோ வந்துச்சு."

அவன் கத்தியிருந்தால் தேவலை. ரிஃபானா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை பொங்கிப் பொங்கி வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவனைக் காப்பாற்றுகிறேன் என்று அவன் காலடியைத் தன் கையாலேயே கழற்றிவிட்டிருக்கிறாள். அந்த ஆட்டோக்காரன் பிரேக் போடாமல் இருந்திருந்தால்?

அமான் அவளைத் தொடவில்லை. கோபம் அவனுக்கு இருந்தது, அது நியாயமும்கூட. ஆனால் எழுந்து போகவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, சக்கரத்தைத் தள்ளி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"முதஸ்ஸிர் எப்படிப் போனாரு?" என்று கேட்டான். "லாரின்னு மட்டும்தான் எனக்குத் தெரியும். நீ சொல்லட்டும்னு இருந்தேன். அப்பால, கேக்க எனக்கே பயமாப் போச்சு."

அந்த வீட்டில் அந்தப் பேர் கேட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அழுகை நின்றுவிட்டது.

"முன் சக்கரத்துல சத்தம் வருதுன்னு சொன்னாருங்க" என்றாள். "நாலஞ்சு நாளா சொன்னாரு. அவரு போனப்ப நான் அரிசி களைஞ்சிகினு இருந்தேன். அப்பால பாத்துக்கலாம், நேரமாவுது போங்கன்னு சொன்னேன். அந்தச் சத்தத்தாலதான் வுழுந்தாரான்னு யாருக்கும் தெரியாது. போலீஸ்காரங்க ரோட்டுல மண்ணு கொட்டிக் கெடந்துச்சுன்னாங்க. ஆனா நான் போங்கன்னு சொன்னேன் இல்ல? அது எனக்குத் தெரியும் இல்ல?"

இதை அவள் தன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. உன்மேல் தப்பில்லை என்று அமான் சொல்லவில்லை, அதை யார் சொன்னாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள். கிரீஸ் பட்ட தன் விரலை லுங்கியில் துடைத்துவிட்டு அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "அவரு எப்படிப்பட்டவரு? சொல்லு" என்றான். அவள் சொன்னாள். முதஸ்ஸிருக்கு ஆட்டுக்கால் பாயா பிடிக்கும் என்பது வரைக்கும் சொன்னாள்.

அந்த நேரத்தில்தான் சைமன் கோணிப்பையோடு படியேறி வந்தான், சக்கரத்தை எடுத்துப் போக. அழுது சிவந்த கண்ணோடு பெண்டாட்டி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு புருஷன், நடுவில் கிரீஸ் டப்பா. மனுஷன் படியிலேயே நின்றுவிட்டான்.

"நான் அப்பால வரட்டா மாமு?"

"வந்துட்ட இல்ல, கீழ போயி ஒரு கால் லிட்டர் பெட்ரோல் வாங்கினு வா" என்றான் அமான். "பேரிங்குக்கு ஒரு கேடும் இல்ல."

பெட்ரோல் வந்தது. மூன்று பேருமாக உட்கார்ந்து எல்லா போல்ட்டையும் கழற்றிக் கழுவினார்கள். அச்சைச் சுற்றிக் கிரீஸ் சொட்டுக்கூட இல்லாமல் துணி சுற்றிய குச்சியால் துடைத்தது ரிஃபானா. இரும்புக் கையை அச்சோடு சேர்த்துவைத்து ஒரு சொட்டு, ஒரு போல்ட், மறுபடி ஒரு சொட்டு என்று வரிசையாக முடுக்கினான் அமான். கடைசி போல்ட்டை மட்டும் அவளிடம் கொடுத்தான். அவள் தயங்கினாள். சாவியை அவள் கையில் திணித்தான்.

பசை காய ஒரு நாள் முழுக்க விட வேண்டும். செவ்வாய்க்கிழமையும் பஸ்தான். புதன்கிழமை காலையில் அமான் ஹெல்மெட்டோடு சக்கரத்தைத் தெருவில் இறக்கினான். ரிஃபானா ஜன்னலுக்குப் போகாமல் அவன் பின்னாலேயே கீழே வந்துவிட்டாள். அவன் இடது பெடலில் ஏறி நின்று உடம்பை அழுத்தினான். சத்தம் இல்லை. இன்னொரு தடவை அழுத்தினான். இல்லவே இல்லை.

"சொல்லு" என்றான். "வேணாம்னா இப்பவே மேல தூக்கினு போயிடறேன். உனக்கோசரம் இல்ல, நம்ம ரெண்டு பேருக்கோசரம்."

"போங்க" என்றாள். முதஸ்ஸிரிடமும் அதே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தாள். "ஆனா நான் பயப்படுவேன். இன்னிக்கும் பயப்படுவேன், நாளைக்கும் பயப்படுவேன். இனிமே அத்த மறைச்சி வெக்க மாட்டேன். தெரிஞ்சிகினு போங்க."

அமான் பெடலிலிருந்து இறங்கினான். ஹெல்மெட்டைக் கழற்றினான். காலையில் தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் நின்று பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அவள் கிட்டே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னான்.

"எனக்கும் பயமாத்தான் கீது ரிஃபா. அன்னிக்கு வுழுந்ததுலேர்ந்து. நேத்து பஸ்ஸுல போச்சொல்ல நிம்மதியா இருந்துச்சு, அது எனக்கே வெக்கமாப் போச்சு. டோல்கேட்டாண்ட இன்னிக்கு எறங்கி உருட்டினுதான் போவப் போறேன்."

ரிஃபானாவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. "உருட்டினே போங்க. யாரு இன்னா சொன்னா இன்னா."

"சரி, அப்ப ரெண்டு பேருமா பயந்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவன் ஏறி நின்றான். முதுகு நிமிர்ந்தது. முன்னால் சாய்ந்தான். வழக்கத்தைவிட மெதுவாக, தண்ணீர்க் குடங்களைச் சுற்றிக்கொண்டு, தெருமுனை நோக்கிப் போனான். ரிஃபானா மூச்சைப் பிடிக்காமல் நின்று பார்த்தாள். மூச்சு நடுங்கித்தான் வந்தது, ஆனாலும் வந்துகொண்டிருந்தது.